உசிலமரத்துக் கேமரா

காலை ஏழு மணி முப்பத்திரண்டு நிமிடம். முதலில் தெரிந்தது ஒரு மூக்குத்தி.

நேரம் படத்தின் கீழ்மூலையில் பதிவாகியிருந்தது. மூக்குத்தி படத்தின் நடுவில் இருந்தது. அதைச் சுற்றி ஒரு மூக்கு, மூக்குக்கு மேல் இடுக்கிப் பார்க்கும் ஒரு கண். கணினித் திரையில் வேறு எதற்கும் இடமில்லை.

"இது என்ன மிருகம் சார்?" என்றார் என் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தவர்.

"செத்த நேரம் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருடா" என்றார் வலப்பக்கம் உட்கார்ந்திருந்த அவருடைய அக்கா.

அடுத்த படத்துக்குப் போனேன். மூக்குத்தி இரண்டடி பின்னால் நகர்ந்து ஒரு முழு அம்மாளாக மாறியிருந்தது. அதற்கடுத்த படத்தில் அந்த அம்மாளோடு இன்னும் பத்துப் பேர். ஒன்பது பெண்கள், ஓர் ஆண். இரண்டு வரிசை. பின்வரிசை மறையாமலிருக்க முன்வரிசை குந்தியிருந்தது. எல்லோரும் கைகளை ஒழுங்காக வைத்துக்கொண்டு கேமராவை நேராகப் பார்த்தார்கள். பின்னால் ஆவாரம் புதர்கள், அவற்றுக்கும் பின்னால் சிறுமலை.

அந்தக் கேமராவை நாங்கள் கட்டியது காட்டு விலங்குகளைப் படம் பிடிக்க.

அப்போது நான் திண்டுக்கல்லில், அரசின் மானியத் திட்டம் ஒன்றுக்கு ஒப்பந்த அடிப்படையில் ஒருங்கிணைப்பாளராக இருந்தேன். அதற்கு முன் நாளிதழ் ஒன்றில் செய்தி திருத்திக்கொண்டிருந்தேன். திட்டம் எளிமையானது. காப்புக்காட்டை ஒட்டி யாருக்காவது சொந்த நிலம் இருந்து, அது காடாகவே கிடந்தால், அதை உழாமல், வெட்டாமல், மனை போடாமல் அப்படியே விட்டுவைப்பதற்கு அரசு வருடா வருடம் ஒரு தொகை தரும். ஒப்பந்தம் பத்து வருடம். ஒன்றும் செய்யாமலிருக்கப் பணம் தருகிறார்கள் என்பதை நம்ப வைப்பதுதான் என் வேலையில் பெரும்பகுதி. ஒரு விவசாயி என்னிடம் இரண்டு முறை கேட்டார்: "ஒண்ணுமே செய்யக்கூடாதா? ஒரு எலுமிச்சங்கன்னுகூட வைக்கக்கூடாதா?" கூடாது என்றதும், தன்னால் அது முடியாது என்று விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

அக்கா அப்படியில்லை. ஒன்றும் செய்யாமலிருக்கும் உரிமைக்காகவே வந்திருந்தார்.

அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. கடைவீதியில் செருப்புக்கடை. அவருடைய அத்தா தோல் வியாபாரி. தோல் பதனிட ஆவாரம்பட்டை வேண்டியிருந்த காலத்தில், சிறுமலை அடிவாரத்தில் ஆவாரை மண்டிய ஆறு ஏக்கரை வாங்கிப்போட்டார். பிறகு பட்டைக்குப் பதில் பீப்பாயில் ரசாயனம் வந்தது. யாரும் பட்டை உரிக்கப் போகவில்லை. ஆவாரையோடு உசிலும் வெள்வேலும் காரையும் சேர்ந்து, நிலம் பக்கத்துக் காட்டோடு காடாகிவிட்டது. அத்தாவுக்குப் பிறகு அது அக்கா பேரிலும் தம்பி பேரிலும் கூட்டாக இருந்தது.

தம்பி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருந்தார். கேரளாவுக்குக் காய் அனுப்புபவர். சொந்தமாக ஒரு லாரி எடுக்க வேண்டும் என்பது அவருடைய திட்டம். நிலத்துக்கு ஒரு மனைத் தரகர் வந்திருந்தார். பெயர்ப்பலகைக்கு ஏதோ ஒரு 'கார்டன்' என்று வாசகம்கூட எழுதி வைத்திருந்தாராம்.

"உங்களுக்கு ஏன் அந்த நிலம் வேணும்?" என்று முதல் நாளே அக்காவைக் கேட்டேன். மானியத்தை முடிவுசெய்யும் மாவட்டக் குழு அதைக் கேட்கும்.

"தம்பி, எங்க வீட்டுல பதினோரு பேரு. அம்புட்டுப் பேருக்கும் எது காணாமப் போனாலும் என்னையத்தான் கூப்பிடுவாங்க. கடையில இருந்தா கடைக்கு போன் வரும். மாசத்துல ஒரு நா பஸ் ஏறி அங்க போயி ஒரு பாறையில உக்காந்துருவேன். அங்க டவரு கிடையாது. அதான் காரணம். இத எப்படியாச்சும் நீங்களே நல்லா எழுதிக்கங்க."

'பல்லுயிர்ப் பாதுகாப்பில் விண்ணப்பதாரருக்கு உள்ள நீண்டகால ஈடுபாடு' என்று எழுதினேன்.

அக்காவும் தம்பியும் என் மேசைக்கு முன்னாலேயே ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். மாவட்டக் குழு மானியத்தை ஒப்புக்கொண்டால் தம்பி விற்பதைப் பற்றிப் பேசக்கூடாது. ஒப்புக்கொள்ளாவிட்டால் அக்கா மறுபேச்சின்றிக் கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். தரகர் வெள்ளிக்கிழமை ஒன்றைக் குறித்திருந்தார். குழு கூடுவது அதற்கு முந்தின நாள், வியாழக்கிழமை.

மரம் செடிக்கு அந்த நிலம் தேறிவிட்டது. ஓடைக்கும் தேறிவிட்டது. மிச்சமிருந்தது காட்டு விலங்கு. நிலத்தில் விலங்கு நடமாட்டம் உண்டு என்பதற்குத் தானியங்கிக் கேமராவில் விழுந்த படம் ஒன்றாவது வேண்டும். மயில், குரங்கு, காட்டுப்பன்றி ஆகிய மூன்றும் கணக்கில் சேராது என்று விதி சொன்னது. அவை எங்கும் இருக்கின்றன. ஒரு மயில் எங்கள் அலுவலகத்து இருசக்கர வாகனக் கொட்டகையிலேயே முட்டையிட்டிருந்தது. கணக்கர் மூன்று வாரம் வண்டியை வெயிலில் நிறுத்தினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வனக்காவலர் ஒருவரும் நானும் போய், ஓடைக்கரையில் ஒற்றையடிப்பாதை பிரியும் இடத்தில் இருந்த உசிலமரத்தில் கேமராவை வாரால் இறுக்கிக் கட்டினோம். எது அசைந்தாலும் அது தானாகப் படமெடுக்கும். எடுக்கும்போது ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மினுங்கும். யாரும் கழற்றிக்கொண்டு போய்விடக்கூடாது என்று ஓர் அட்டையில் எழுதி மேலே தொங்கவிட்டேன்: 'அரசுச் சொத்து. இவ்விடம் கண்காணிப்பில் உள்ளது.'

அன்று அங்கே ஆளே இல்லை. மறுநாள் திங்கட்கிழமை, அந்த ஓடையைத் தூர்வாரும் நூறு நாள் வேலை தொடங்கும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது.

இரண்டு வாரம் கழித்து, கேமராவில் வேறொன்றைப் போட்டுவிட்டு எடுத்து வந்த நினைவக அட்டையைத்தான் அக்காவையும் தம்பியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

படங்கள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொரு நாளும் காலையில் ஒரு வரிசை, மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு வரிசை. முதல் இரண்டு நாள் தலையில் சும்மாடும் கையில் மண்வெட்டியுமாக நின்றார்கள். மூன்றாம் நாள் மண்வெட்டிகள் படத்தைவிட்டு வெளியேறின. நான்காம் நாள் எல்லோரும் தலை சீவியிருந்தார்கள். அடுத்த வாரத் தொடக்கத்தில் பூ வந்துவிட்டது. ஆண் ஒரு நாள் வெள்ளைச் சட்டையில் நின்றார். மறுநாள் காலையில் அதே சட்டையில் ஓர் அம்மாள், சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு நின்றார். ஒரு படத்தில் ஒரு பெண் ஆதார் அட்டையை முகத்துக்குப் பக்கத்தில் உயர்த்திப் பிடித்திருந்தார். இன்னொன்றில் வரிசையில் ஓர் இடம் காலி. பக்கத்தில் நின்றவர் அந்த இடத்தில் ஒரு குடும்ப அட்டையை நீட்டி, வராதவரின் முகத்தை விரலால் சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தார்.

"மாஷா அல்லாஹ்" என்றார் தம்பி. "சார், இம்புட்டு ஜனம் நடமாடுற எடத்தக் காடுன்னு எப்படிச் சொல்லுவீங்க? இது பஸ் ஸ்டாண்டு சார்."

அக்கா திரையைப் பார்த்தபடியே, "அந்த மூணாவது பொம்பள போட்டிருக்கற செருப்பு நம்ம கடையில வாங்கினது" என்றார். பிறகு மெதுவாக, "மிருகம் ஒண்ணுகூட இல்லையா தம்பி?" என்றார்.

கடைசிவரை ஓட்டிப் பார்த்தேன். இரவுப் படங்கள் கொஞ்சம் இருந்தன. அவற்றில் காற்றில் ஆடும் கிளை இருந்தது. ஒரு பன்றி இருந்தது. பன்றி கணக்கில் சேராது.

மறுநாள் காலை நான் அங்கே போனபோது வரிசை நின்றுகொண்டிருந்தது. நான் படத்துக்குள் வந்துவிடுவேன் என்று மூக்குத்தி அம்மாள் கையைக் காட்டி என்னை ஓரமாக நிற்கச் சொன்னார். அவர்தான் அந்தப் பதினோரு பேருக்கும் பொறுப்பாளர். சிவப்பு விளக்கு மினுங்கியதும், "ம், விழுந்துருச்சு, கலைங்க" என்றார். வரிசை கலைந்தது.

"நீங்கதான் மெஷின் ஆபீசரா?" என்று என்னைக் கேட்டார். "நல்ல நேரத்துல வந்தீக. எங்களுக்கு இதுல எம்புட்டு நாளு ஏறியிருக்கு?"

"எதுல?"

"அட்டெண்டன்ஸு சார்."

அவர் விளக்கினார். நூறு நாள் வேலைக்குத் தினமும் இரண்டு வேளை செல்போனில் படமெடுத்து ஏற்ற வேண்டும். இங்கே டவர் இல்லாததால் ரோட்டுக்குப் போய் எடுத்து ஏற்றிவிட்டு வருகிறார்கள். ரோட்டில் படமெடுத்துவிட்டு அப்படியே வீட்டுக்குப் போகிறார்களா, உண்மையிலேயே ஓடைக்கு வருகிறார்களா என்று பார்க்கத்தான் மேலிடம் இங்கே ஒரு கேமராவைக் கட்டியிருக்கிறது. போர்டிலேயே எழுதியிருக்கிறதே, கண்காணிப்பு என்று. இதில் விட்டுப்போனால் சம்பளத்தைப் பிடித்துவிட்டால் என்ன செய்வது? அதனால்தான் இதிலும் இரண்டு வேளை.

நான் சொன்னேன்: "இது உங்களுக்கு இல்லைம்மா. மிருகத்துக்கு."

எல்லோரும் திரும்பி உசிலமரத்தைப் பார்த்தார்கள்.

"மிருகத்துக்கு அட்டெண்டன்ஸா?" என்றார் குடும்ப அட்டை பிடித்தவர்.

"அதுக எத்தன மணிக்கு வரணும்?"

"ஏத்தா, அதுக்குக் கார்டு இருக்கான்னு கேளு."

"நாம ஓடைய வெட்டுறோம், அது தண்ணியக் குடிச்சிட்டுப் போகுது. அதுக்குச் சம்பளமா? நல்லாருக்கு சார் உங்க கவர்மெண்டு."

"சம்பளம் மிருகத்துக்கு இல்லை, நிலத்துக்காரங்களுக்கு" என்றேன்.

"நிலத்துக்காரங்க என்ன வேல செய்யணும்?"

"ஒண்ணும் செய்யக்கூடாது."

அந்த ஒரே ஆண் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அந்த வேலைக்கு எழுதிக்கொடுக்க யாரப் பாக்கணும் சார்?" என்றார்.

அக்காவின் கதையைச் சொன்னேன். ஒரு மிருகம் படத்தில் விழாவிட்டால் நிலம் மனையாகிவிடும், இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது என்றேன். மனைக்காரர்கள் ஓடையை மூடிவிடுவார்கள் என்று பொறுப்பாளருக்கு உடனே புரிந்தது. மூடின ஓடையில் தூர்வாரும் வேலை வராது. இனி யாரும் கேமரா பக்கம் வரமாட்டோம், சத்தம் போடாமல் கீழ்க்கரையில் வேலை பார்ப்போம் என்று வாக்குக் கொடுத்தார். கிளம்பும்போது தயங்கி, "இம்புட்டு நாளு நின்னுருக்கோம். அதுல நல்லதா ஒண்ணப் பாத்து, எங்க எல்லாருக்கும் ஒரு படம் போட்டுத் தாரீகளா?" என்றார். சரி என்றேன். அந்தப் பதினோரு பேரும் யார் யார் என்று பெயர்களைச் சொன்னார். எழுதிக்கொண்டேன்.

ஒரு வாரம் கழித்து அடுத்த நினைவக அட்டையை எடுத்து வந்து, மறுபடி அக்காவையும் தம்பியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தேன். அவர்கள் வாக்கைக் காப்பாற்றியிருந்தார்கள். முதல் இரண்டு நாள் ஓர் இலைகூட அசையவில்லை.

மூன்றாம் நாள், வளையல் போட்ட ஒரு கை மட்டும் ஓரத்திலிருந்து நீண்டு, ஒரு சீப்பு மலைவாழைப்பழத்தை நடுவில் வைத்துவிட்டுப் போயிருந்தது. நான்கு நிமிடம் கழித்துக் குரங்குகள் வந்தன. ஒரு குரங்கு, பழத்தைத் தின்றுவிட்டு, கேமராவுக்கு அருகே வந்து ஒரு கண்ணை இடுக்கிப் பார்த்தது. அந்தப் படத்துக்கும் முதல் நாள் மூக்குத்திப் படத்துக்கும் கோணம் ஒன்றுதான். குரங்கு கணக்கில் சேராது.

ஐந்தாம் நாள் மாலை ஒரு புள்ளிமான் வந்தது.

அக்கா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "தம்பி! மானு!"

நான் படத்தைப் பெரிதாக்கினேன். மானின் உடம்பு கறுப்பு. புள்ளிகள் எல்லாம் ஒரே அளவு. ஒரு விரல் நுனியின் அளவு. வயிற்றுப் பக்கம் சுண்ணாம்பு வழிந்திருந்தது. கொம்புகளோடு காய்ந்த சுள்ளிகளை வாழைநாரால் கட்டியிருந்தார்கள். ஒன்று அவிழ்ந்து கண்ணுக்கு மேல் தொங்கியது. தாடி இருந்தது. கழுத்தில் மணி கட்டின இடத்தில் மயிர் தேய்ந்திருந்தது. பின்னால் ஒரு புதரிலிருந்து, ஆட்டை முன்னால் தள்ளிவிட்ட கையின் முழங்கை தெரிந்தது.

தம்பி சிரித்ததில் அவருக்குப் புரையேறிவிட்டது. தலையில் தட்டிக்கொண்டே, "சார், இந்த ஆட்ட மட்டும் வெல பேசி விடச் சொல்லுங்க. பக்ரீதுக்கு நான் எடுத்துக்கறேன்" என்றார். அக்காவும் முதலில் சிரித்தார். பிறகு சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம், நமக்காகத்தான செஞ்சிருக்குதுக" என்றார். பிறகு சிரிக்கவில்லை.

அவர்கள் ரோட்டுக்கு வரும் நேரம் பார்த்து, போனில் பொறுப்பாளரைப் பிடித்தேன்.

"ஆட்டுக்குச் சுண்ணாம்பு அடிச்சது யாரு?"

"எந்த ஆடு சார்?"

"புள்ளி வச்ச ஆடு."

"அது மானு இல்லையா சார்?" என்றார். பின்னால் யாரோ அடக்க முடியாமல் சிரிப்பது கேட்டது. "ஏ சும்மா இருங்கடி, ஆபீசரு பேசுறாக."

ஆட்டுப் படத்தைக் கோப்பில் சேர்க்கவில்லை. கேமராவைத் திரும்ப மாட்டவும் நேரமில்லை. புதன்கிழமை மதியம், குழுவுக்கு நான் எழுதி வைத்திருந்த குறிப்பில் 'வன உயிரினம்' என்ற தலைப்புக்குக் கீழே 'இல்லை' என்று இருந்தது. அக்காவிடம் போனில் சொன்னேன். சரி தம்பி என்றார். வெள்ளிக்கிழமை காலை கையெழுத்துக்கு என்னென்ன அட்டை கொண்டுபோக வேண்டும் என்று கேட்டார்.

அன்று சாயங்காலம் செய்வதற்கு வேறு வேலை இல்லாததால், அந்தப் பதினோரு பேருக்குக் கொடுப்பதாகச் சொன்ன படத்தைத் தேடினேன். கூட்டப் படம் தேர்ந்தெடுப்பது எனக்குப் பழக்கமான வேலை. யாரும் கண்ணை மூடியிருக்கக்கூடாது, யார் முகத்தையும் யார் கையும் மறைத்திருக்கக்கூடாது. இரண்டாவது வாரம் புதன்கிழமைக் காலைப் படம் அப்படி அமைந்திருந்தது. எல்லோரும் பூ வைத்திருந்தார்கள். எல்லோர் கண்ணும் திறந்திருந்தது.

அச்சடித்தால் கீழே பெயர் போட வேண்டும். இடமிருந்து வலமாகத் தலைகளை எண்ணினேன். பன்னிரண்டு வந்தது.

பெயர்கள் பதினொன்று. மறுபடி எண்ணினேன். பன்னிரண்டு. யாரோ ஒருவர் வேறு ஊர்க்காரர் வந்து நின்றிருக்கிறார் என்று நினைத்தேன். பின்வரிசையில் நான்காவது ஆளுக்கும் ஐந்தாவது ஆளுக்கும் நடுவே, நிழலில், கறுப்புச் சட்டை போட்ட அகலமான ஓர் ஆள். அவருக்கு முகம் நீளமாக இருந்தது. பெரிதாக்கினேன்.

காட்டுமாடு.

வரிசைக்கு முப்பதடி பின்னால், ஆவாரம் புதருக்கு நடுவே நின்றது. மார்பு புதருக்கு மேல் சுவர் மாதிரி எழுந்திருந்தது. இரண்டு தோள்களுக்கு நடுவில் கிடைத்த இடைவெளியில் தலை கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. அதுவும் கேமராவை நேராகப் பார்த்தது. அதன் கண்ணும் திறந்திருந்தது.

இந்தப் படத்தை நான் ஏற்கெனவே மூன்று முறை கடந்திருந்தேன். ஆட்கள் என்று தள்ளிவிட்டிருந்தேன்.

வியாழக்கிழமை குழு கூடியது. மூன்று பேர். தலைவர், சிரிக்காமல் பேசும் ஓர் அம்மையார். இன்னொருவர் ஓய்வுபெற்ற வன அலுவலர். மூன்றாமவர் கணக்குத் துறையிலிருந்து வந்தவர். படத்தைச் சுவரில் பெரிதாகக் காட்டினேன். அக்காவும் தம்பியும் பின் நாற்காலிகளில் இருந்தார்கள்.

கணக்குத் துறைக்காரர் நீண்ட நேரம் பார்த்துவிட்டு, "இதில் விண்ணப்பதாரர் யார்?" என்றார்.

"விண்ணப்பதாரர் இதில் இல்லை. காட்டுமாடு பின்வரிசையில் இருக்கிறது."

"இது யாராவது வளர்க்கிற எருமையாக இருக்கலாமே" என்றார். "வரிசையில் வேறு நிற்கிறது. பழகின மாடு மாதிரி தெரிகிறது."

வன அலுவலர், நெற்றியின் நிறத்தையும் கொம்பின் வளைவையும் காட்டி, காட்டுமாடுதான், சந்தேகமில்லை என்றார். கால் தெரிந்தால் வெள்ளை உறை போட்டது போல இருக்கும், ஆனால் கால் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் அம்மாள் நிற்கிறார் என்றார். கணக்குத் துறைக்காரருக்கு அது போதவில்லை. உள்ளூர்க்காரர் யாராவது வந்து, இது ஊர் மாடு இல்லை என்று சொல்ல வேண்டும் என்றார்.

பொறுப்பாளரைப் படம் வாங்கிக்கொள்ள வரச் சொல்லியிருந்தேன். வெளியே பெஞ்சில் பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்தார். உள்ளே அழைத்தார்கள். சுவரில் தங்களை அந்த அளவில் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"இதில் இருக்கிற ஒவ்வொருவரும் யார் என்று வரிசையாகச் சொல்லுங்கள்" என்றார் தலைவர்.

அவர் இடப்பக்கத்திலிருந்து தொடங்கினார். ஒவ்வொருவர் பெயரையும், தகப்பன் பெயரையும், எந்தத் தெரு என்பதையும், அவர் எவ்வளவு தாமதமாக வருவார் என்பதையும் சொன்னார். பின்வரிசையில் நான்காவது ஆளை முடித்துவிட்டு அடுத்த முகத்துக்கு வந்தார். நின்றார்.

"இது எங்க லிஸ்ட்டுல இல்லைம்மா" என்றார்.

"நன்றாகப் பாருங்கள்."

சுவருக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். "ஆத்தி!" என்று கத்திக்கொண்டே பின்னால் வந்து, கணக்குத் துறைக்காரரின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "ஏய்யா, எனக்குப் பின்னாடியா நின்னுச்சு? நாங்க நின்னப்பவா? ஆத்தாடி, அன்னிக்கு எவளோ மூச்சு விடுறான்னு அவளப் போயித் திட்டுனேனே!"

உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள்.

தலைவர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "சாட்சிக்கு இந்த விலங்கோடு முன்பழக்கம் இல்லை என்று பதிவு செய்துகொள்ளுங்கள்" என்றார்.

கணக்குத் துறைக்காரர் கடைசியாக ஒன்று கேட்டார்: விலங்கு நடமாட்டத்துக்கு மனிதர்களால் இடையூறு இருக்கக்கூடாது என்று விதி இருக்கிறதே? வன அலுவலர் சுவரைக் காட்டினார். "பதினோரு பேர் நிற்கிறார்கள். அது நகரவில்லை. இடையூறு இருப்பதாக அது நினைத்ததாகத் தெரியவில்லை."

தலைவர் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வராந்தாவில் அக்கா பொறுப்பாளரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். என்ன சொல்வதென்று தெரியாமல், "கடைக்கு வாங்க, நல்ல செருப்பாத் தாரேன்" என்றார். பொறுப்பாளர், "பதினோரு ஜோடியா?" என்றார். அக்கா ஒரு கணம் யோசித்து, ஆமாம் என்றார்.

தம்பி சற்றுத் தள்ளி நின்று தரகரோடு போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"இல்லண்ணே, நாளைக்கு வேணாம்... இல்ல, அக்கா தகராறு பண்ணல... மாடுண்ணே... மாடு நிக்குது... நம்ம மாடு இல்ல... யாரு மாடும் இல்ல... கட்டிப்போட முடியாதுண்ணே, அது கவர்மெண்டு ஒத்துக்கிட்ட மாடு... ஆமா, கையெழுத்து ஆயிருச்சு... பத்து வருசம்ணே."

போனை வைத்துவிட்டு அக்காவிடம் வந்தார். "சொன்னது சொன்னதுதான், நான் பேசல" என்றார். பிறகு என்னிடம், "அந்தப் படத்துல எனக்கு ஒண்ணு போட்டுத் தாங்க சார். மார்க்கெட்டுல காட்டணும். எவனும் நம்ப மாட்டான்" என்றார்.

மொத்தம் பதின்மூன்று பிரதி அச்சடித்தோம். பெயர்களை இடமிருந்து வலமாகப் போட்டேன். பின்வரிசையில் நான்காவது பெயருக்குப் பின் 'காட்டுமாடு' என்று போட்டபோது, அச்சகக்காரர் அதைப் பட்டப்பெயர் என்று நினைத்து, போடலாமா, பிரச்சினை வராதா என்று இரண்டு முறை கேட்டார்.

அதே வாரம் தரகர், ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் இருந்த நிலத்துக்கு முன்பணம் கொடுத்தார்.